அக்காவுக்கு முன் காங்கோவுக்குப் புறப்பட்ட பை

மத்திய ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: வெளியில் உலர்த்திய எந்தத் துணியையும் இஸ்திரி போடாமல் உடுத்தாதீர்கள். உள்ளாடை, கைக்குட்டை, தலையணை உறை எதற்கும் விலக்கு இல்லை. இரண்டு பக்கமும் போட வேண்டும். தையல் மடிப்புகளில் கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும். அங்கே ஒரு வகை ஈ கொடியில் காயும் ஈரத் துணியில் முட்டை இடுகிறது. அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாக எழும்பும். சூடு பட்டால் முட்டை செத்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் பத்துப் பேரிடம் சொன்னால் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள்.

நான் அங்கே போனதில்லை. கடல் தாண்டியதே இல்லை. ராமேஸ்வரம் போகும்போது ரயில் பாம்பன் பாலத்தைக் கடந்ததைக் கணக்கில் சேர்த்தால் ஒரு தடவை, திரும்பி வந்ததையும் சேர்த்தால் இரண்டு தடவை. இருந்தாலும் எங்கள் உறவில் யாராவது காங்கோ, காமரூன், காபோன் என்று வேலைக்குக் கிளம்பினால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இதுவரை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து கடிதமோ போனோ வரும்வரை எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியிலேயே சேகரித்தது. சேகரித்தது என் அக்காவுக்காக.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஐம்பதுகளில் சென்னைப் பட்டணத்தில் தங்கி வைத்தியம் படித்தாள். பிறகு திருச்சி டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் டாக்டராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் குடியிருந்தோம். காலையில் அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டுவோம்.

காங்கோவுக்குச் சுதந்திரம் வந்து சில காலமே ஆகியிருந்தது. அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை என்று பல நாடுகளிலிருந்தும் டாக்டர்களை எடுத்தார்கள். அக்கா யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டுவிட்டாள். இரண்டு வருஷ வேலை கிடைத்தது. லெயோபோல்ட்வில்லில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இப்போது அந்த ஊரைக் கின்ஷாசா என்கிறார்கள்.

"இங்க ஒரு பிரசவத்துக்கு நாங்க மூணு பேர் சுத்தி நிக்கறோம். அங்க ஒருத்தர்கூட இல்லையாம்ப்பா," என்றாள்.

"இங்கேயும் ஒரு காலத்துல ஒருத்தர்கூட இல்லை. நீ பொறக்கலையா?" என்றார் அப்பா.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. கோபமாகப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சாதம் போதுமா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பஞ்சாங்கம் ஒத்துக்கொள்ளும் வேளையில்தான் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அக்கா அதற்குச் சம்மதித்தாள். அந்தச் சம்மதத்துக்கு என்ன விலை கொடுக்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அதன்பிறகு விசாரணை என் பொறுப்பாயிற்று. காங்கோவைப் பார்த்த மனிதர் யாராவது இந்த ஜில்லாவில் இருக்கிறாரா என்று தேடினேன். இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

ஒருவர் திருவெறும்பூரில் இருந்தார். ராணுவத்தில் சமையல்காரராக இருந்து, நம் படையோடு காங்கோ போய்த் திரும்பியவர். என் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்கு உறவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் போனோம்.

"உக்காருங்க சார். டாக்டரம்மா, நீங்களும் உக்காருங்க. என்ன வேணுமோ கேளுங்க. சிங்கத்தைப் பாத்தியான்னு மட்டும் கேக்காதீங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நான் பாத்ததெல்லாம் வெங்காயம்தான்."

இஸ்திரி விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். தன் முதுகைத் திருப்பி, சட்டையைத் தூக்கி, தழும்புகளைக் காட்டினார். ஐந்து இருந்தன. பிறகு வரிசையாகச் சொன்னார். வெறுங்காலோடு மண்ணில் நடக்கக் கூடாது, நகத்தடியில் ஒரு பூச்சி புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பூட்ஸைக் காலில் மாட்டுவதற்கு முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். பாலம், விமானம் நிற்கிற இடம், துப்பாக்கி வைத்திருக்கிறவன் இந்த மூன்றையும் போட்டோ எடுக்கக் கூடாது. கொசுவலை நம்முடையதாக இருக்க வேண்டும்.

"அங்க குடுக்கற வலையில ஓட்டையை எண்ணி மாளாதுங்க," என்றார். எண்ண முடியாத அளவுக்கு ஒரு வலையில் ஓட்டை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது? நாங்க மாமிசம், மீன் தொடமாட்டோம்," என்றாள் அக்கா.

"மரவள்ளிதாம்மா அங்க சோறு. மாவாக்கிக் கிளறி, இலையில சுத்தி வெச்சிருப்பாங்க. ஊற வெக்காத கிழங்கை மட்டும் தொடாதீங்க, அது வெஷம். வாழக்கா, வேர்க்கடலை, கீரை எல்லாம் கெடைக்கும். ஆனா கீரைக்குள்ள மீன் கெடக்கும். முன்னாடியே சொல்லிப்புடணும்."

"அதை அவா பாஷையில எப்படிச் சொல்லணும்?"

"அதை நான் கத்துக்கலீங்களே. நான் மீன் சாப்பிடுவேன்."

ராத்திரி குளிரில் பல் கிட்டிவிடும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள் என்று கடைசியாகச் சொன்னார். இந்த ஒன்று மட்டும் பிசகிவிட்டது. அவர் இருந்தது தெற்குக் கோடியில், உயரமான மேட்டு நிலத்தில். அக்கா போனது மேற்கே, ஆற்றங்கரை ஊருக்கு. அம்மா அலைந்து வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் அங்கே இரண்டு வருஷமும் தலையணைக்கு அடியில் தலையணையாக இருந்தது. ஆகவே இது என் இரண்டாவது யோசனை: ஒரு தேசத்துக்குப் போய் வந்தவரிடம் அந்தத் தேசத்தில் எந்த ஊரில் இருந்தார் என்று கேளுங்கள். தேசப்படத்தில் ஒரு விரற்கடை தூரம் என்பது அங்கே இங்கிருந்து காசி போகிற தூரம்.

இன்னொருவர் டவுனில் ஒரு கல்லூரியில் இருந்த வயதான பிரெஞ்சுப் பாதிரியார். அவருடைய தம்பியும் பாதிரியார். காங்கோவில் பல வருஷம் இருந்தவர். அங்கே படித்தவர்கள் பேசுவது பிரெஞ்சு என்பதால் அக்கா சனிக்கிழமைதோறும் அவரிடம் பாடம் கேட்கப் போனாள். துணைக்கு நானும் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். திருச்சியிலேயே கிழவராகிவிட்டவர். தமிழை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரித்துப் பேசுவார்.

"முதல் பாடம் வினைச்சொல் இல்லை மகளே. 'வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.' இதுதான் முதல் பாடம். கடைக்குப் போனால் வணக்கம். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடுவதற்கு முன் வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை நிற்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் அங்கே காது கேட்காது."

"எல்லா இடத்துலயும் அப்படித்தானே ஃபாதர்?"

"திருச்சியில் அப்படி இல்லை. இங்கே 'எவ்வளவு?' என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள்."

அக்கா சிரித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பழக்காரியிடம் அன்றைக்கே சோதித்துப் பார்த்தாள். "வணக்கம்மா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டதும் அவள், "கடன் கெடையாதும்மா," என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் சங்கடம் வேறு ரூபத்தில் இருந்தது. இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்து வைத்ததும் அம்மா கவலையோடு பார்த்தாள். காலையில் குளித்து, யாரும் தொடாமல் உலர்த்தி எடுக்கிற மடிப் புடவையை வண்ணான் பெட்டியில் அழுத்தினால் மடி போய்விடாதா என்பது அவள் கேள்வி.

"வண்ணான் போட்டாத்தான் போகும். அவளே குளிச்சுட்டுப் போட்டுண்டா?" என்று கேட்டாள் நாலு வீடு தள்ளி இருந்த மாமி. அவள் வீட்டு மாமா தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் ஒரே சிநேகிதர். தினமும் விடிவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்தே கோயிலுக்குப் போவார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மாமாவுக்கு நெஞ்சு பலவீனம். அக்காதான் வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பாள். "உள்பாடிக்குமாடி இஸ்திரி? நன்னாயிருக்கு கூத்து. அந்த ஊர் ஈக்கு வேற வேலை இல்லையா?" என்று மாமி அதையே ஒரு மாதம் சொல்லிச் சொல்லி, தெரு முழுக்கத் தெரியும்படி செய்துவிட்டாள்.

இப்போது மஞ்சள் புத்தகம். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்துத் தேசங்களில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. நம் மஞ்சள் காமாலை இல்லை, அது வேறு, கொசுவால் வருவது. அதற்கு ஊசி போட்டுக்கொண்டு, போட்டதற்கான சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ஊசியை எல்லா ஊரிலும் போடமாட்டார்கள். அக்கா பட்டணத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் அது செல்லுபடியாகும். புத்தகம் இல்லாவிட்டால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். திரும்பும்போது நம் தேசத்தில் இன்னும் கண்டிப்பு. தனியே அடைத்து வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரை, அம்மை ஊசி எல்லாம் டாக்டர் சொல்வார். இந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். காரணம் இனிமேல் வருகிறது.

புறப்பாட்டு நாள் செவ்வாய்க்கிழமை என்று வந்தது. அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ரயில் ஏறிப் பட்டணம், அங்கிருந்து பம்பாய். பம்பாயில் மற்ற டாக்டர்களோடு சேர்ந்து விமானம். சொன்ன நாளில் வராதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டை விசாவுக்காக முன்னமே வாங்கிக்கொண்டார்கள்; பம்பாயில் கொடுப்பதாக ஏற்பாடு.

"செவ்வாக்கிழமை வடக்கே சூலம். பட்டணம் வடக்க இருக்கு," என்றார் அப்பா.

"எனக்காக ரயிலை மாத்தமாட்டாப்பா."

"ரயிலை மாத்த வேண்டாம். பரஸ்தானம் வெச்சுடலாம்."

இந்தக் காலத்தில் பலருக்கு இது தெரியாது. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் வரும் நல்ல வேளையில் பிரயாணியின் சாமான் ஒன்றை, போகும் திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த வேளையிலேயே பிரயாணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கிளம்புகிற நாளில் போகிற வழியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு காக்கிப் பையை எடுத்து, புதுப் புடவை ஒன்று, மஞ்சள், ஒரு பிடி அரிசி எல்லாம் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எது இல்லாட்டா உன்னை அந்த ஊர்ல விடமாட்டா?"

அக்காவும் நானும் ஒரே நேரத்தில், "மஞ்சப் புஸ்தகம்," என்றோம்.

"அதைக் குடு."

"அது எதுக்குப்பா? புடவை போறாதா?"

"புடவை இல்லாட்டாலும் நீ போயிடுவே. இல்லாமப் போக முடியாத வஸ்துவை வெச்சாத்தான் நீ கிளம்பினதா அர்த்தம். மத்ததெல்லாம் பெருமாளை ஏமாத்தறது."

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா அதுவரை வந்ததே பெரிது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். வடக்குப் பக்கம் நாலாவது வீடு மாமியுடையது. அப்பாவே பையைக் கொண்டுபோனார். மாமி அதை வாங்கிப் பெருமாள் படங்கள் இருக்கும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மாமா ஈஸிசேரில் படுத்தபடியே, "ஆப்பிரிக்கா என் ஆத்து வழியாத்தான் போறது, பார்த்துக்கோ," என்று அக்காவிடம் சொன்னார். மூச்சு கொஞ்சம் இரைத்தது. அக்கா நாடி பார்த்துவிட்டு, மாத்திரையை ஒரு வேளை கூட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மாமா காலமாகிவிட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா மேல்துண்டைக்கூட எடுக்காமல் போனார். அம்மா பின்னாலேயே போனாள். கூடத்தில் அக்காவின் சாமான்கள் கயிறு கட்டி வரிசையாக இருந்தன. டிரங்குப் பெட்டி, படுக்கை, கொசுவலை, கூடை என்று ஏழு உருப்படி. எட்டாவது உருப்படி, சாவு விழுந்த வீட்டுக்குள் இருந்தது. எனக்கு மாமாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது என்று சொல்ல ஆசை. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

கொஞ்ச நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். தூணில் சாய்ந்து நின்றார்.

"அந்தப் பையை இனிமே தொடப்படாது. தீட்டுப் பட்டுப்போச்சு. யாத்திரை அங்கேயே நின்னுடுத்து," என்றார்.

"அப்பா, அதுல புஸ்தகம் இருக்கு," என்றேன்.

"தெரியும். நான்தானே வெச்சேன்."

"வேற ஊசி போட்டுண்டாலும் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள அந்த இடம் போயிடும்."

"போனா?" என்றார். குரல் கடுமையாக இல்லை. "இன்னிக்கு எது போகலை?"

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்று அக்கா எழுந்தாள்.

"துக்கம் கேக்கப் போறதுன்னா போ," என்றார் அப்பா. "பைக்காகப் போகாதே."

அவள் போய்ச் சுமார் ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பையைப் பூட்டவில்லை, கதவைத் திறந்து புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அங்கேயே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். காகிதத்துக்குத் தீட்டு உண்டா என்று யாரைக் கேட்பது என்று யோசித்தேன். அக்கா வெறும் கையோடு வந்தாள்.

"கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"மாமி என் கையைப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தா. அந்தக் கையை எடுத்துண்டு, என் பை எங்கேன்னு கேக்கறதாடா?"

பதினோரு மணிக்கு மேல் மாமாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் நானும் கூடவே கொள்ளிடக் கரைக்குப் போனோம். காரியம் முடிந்து குளித்தோம். அப்பாவை ஆற்றங்கரையில் இன்னும் இரண்டு பேரோடு விட்டுவிட்டு, நான் ஈர வேஷ்டியோடு வேகமாக முன்னால் வந்துவிட்டேன். வீட்டு வாசலில் நின்று ஸ்டேஷன் பக்கமும் மாமி வீட்டுப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி வீட்டுக்கு அடுத்து, வடக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாங்கு குமாஸ்தாவின் இளம் மனைவி இருந்தாள். அவள் தலையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"என்ன அண்ணா இப்படி நடந்துண்டே இருக்கேள்? அக்கா வண்டி எப்ப? பையை நான் வாசல்ல எடுத்துண்டு வந்து நிக்கணுமோன்னோ?"

"எந்தப் பை?"

"எந்தப் பையா? காங்கோப் பைதான். எங்காத்துலன்னா இருக்கு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுண்டேன்."

அக்காவும் அம்மாவும் உள்ளே இருந்து வந்துவிட்டார்கள். அதே சமயம் அப்பாவும் வந்து சேர்ந்தார். அவள் அப்பாவைப் பார்த்ததும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

விடியற்காலையில் மாமி கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறாள். கையில் பை. "மாமாக்கு மூச்சு மாறிண்டிருக்கு. இதை உங்காத்துல வெச்சுக்கோ. கொழந்தை ஊருக்குப் போறா. தீட்டு ஒட்டப்படாது," என்று சுவருக்கு மேலே நீட்டியிருக்கிறாள்.

"டாக்டர் அக்காவைக் கூப்பிடட்டுமா மாமின்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. 'அவர் சொல்லிட்டார், அவ கிளம்பற நாள், தூங்கட்டும்னு'ன்னா. அப்புறம் உள்ள போயிட்டா. தெக்காத்துலயும் குடுத்திருக்கலாம், அது கிட்டக்க. ஆனா வடக்குதான் வேணும்னு என்கிட்ட குடுத்தா."

அக்கா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு வீடு தள்ளி அவள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கூப்பிட்டிருந்தால் ஒருவேளை ஏதாவது செய்திருக்கலாம், செய்ய ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அது அவளுக்குத்தான் தெரியும். நான் கேட்டதில்லை.

அப்பா மட்டும் ஒன்று கேட்டார்.

"மூச்சு இருக்கறப்பவே குடுத்தாளா?"

"மூச்சு இருக்கறப்பவேதான் மாமா."

"வடக்காத்துக்கு."

"ஆமாம்."

அப்பா ஈரத் துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டுதான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "அப்போ யாத்திரை நிக்கலை," என்றார். "வடக்கே ஒரு ஆம் தள்ளி முன்னேறியிருக்கு."

அக்கா எழுந்திருக்கவில்லை. "நான் போகணுமாப்பா?" என்று கேட்டாள். அதற்கு முன் ஒரு தடவைகூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

"அவன் தூங்கட்டும்னது, நீ இங்க உக்காந்திருக்கறதுக்கா?" என்றார் அப்பா.

சாயங்காலம் குதிரை வண்டி வந்தது. ஸ்டேஷன் இருப்பது தெற்கே. பை இருப்பது வடக்கே. வண்டி முதலில் வடக்கே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, பிறகு வந்த வழியே திரும்பாமல் மற்ற வீதிகளைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றார் அப்பா. நேரம் போதுமா என்று எனக்குக் கவலை. வண்டிக்காரன், "குருதையக் கேளுங்க சாமி," என்றான். ஏழு உருப்படியையும் ஏற்றினோம். அப்பா வண்டிக்காரன் பக்கத்தில், அக்காவும் நானும் பின்னால்.

மாமி வீட்டு வாசலில் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னல் ஒன்று கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே புடவைத் தலைப்பு தெரிந்தது. பிரயாணம் போகிறவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மாமி ஜன்னலுக்கு ஒருபுறமாக விலகி நின்றிருந்தாள். சாவு வீட்டுக்கு முன் ஒருவர் போயிட்டு வரேன் என்று சொல்வதும் எங்களில் கிடையாது. அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துப்பா," என்றார் அப்பா.

வண்டி நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லிண்டு வா," என்று மட்டும் சொன்னார்.

அக்கா இறங்கி ஜன்னல் அருகே போனாள். "போயிட்டு வரேன் மாமி," என்றாள்.

உள்ளே இருந்து மாமியின் குரல் கேட்டது. "பையை எடுத்துண்டியா முதல்ல?"

"இனிமேதான் மாமி."

"எடுத்துக்கோ. போ."

அடுத்த வீட்டில் அந்தப் பெண் வாசலிலேயே பையோடு நின்றாள். அக்கா வாங்கிய உடனே மஞ்சள் புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பையில் வைத்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைத் தன் உடம்பைவிட்டு விலக்கவே இல்லை என்று எழுதினாள். என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வதும் அதுதான். பாஸ்போர்ட், ஊசிப் புத்தகம், டிக்கெட் இவை மூன்றும் பெட்டியிலும் இருக்கக் கூடாது, பிறர் கையிலும் இருக்கக் கூடாது, எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் பிறர் வீட்டிலும் இருக்கக் கூடாது. உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். ரயில் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

அங்கிருந்து வந்த கடிதங்களில் இருந்து இன்னும் சில யோசனைகள் உண்டு. பாதிரியார் சொன்ன வணக்கம்தான் எல்லாவற்றையும்விட உதவியாக இருந்தது என்று எழுதினாள். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், அந்த ஊர் பாஷையில் 'ம்போத்தே' என்று சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பாளாம். இருபத்திரண்டு கட்டில். அதற்கே நேரம் ஆகும். ஆனால் அப்படிக் கேட்ட பிறகுதான் வலி எங்கே என்று சொல்வார்களாம். மீன் இல்லாத கீரைக்கு ஒரு சமையல்காரியோடு மூன்று மாதம் போராடி ஜெயித்தாள். அந்த ஊர் ஆறு நம் காவேரியைப்போல் எத்தனையோ மடங்கு அகலம். கரையில் நின்று பார்ப்பாள், முதலைக்குப் பயந்து இறங்கமாட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

ஒவ்வொரு கடிதத்திலும் மாமிக்கு ஒரு தனிக் காகிதம் இருக்கும். மாமிக்குப் படிக்கத் தெரியும் என்றாலும் அப்பா கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுவார். படித்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காலியாக இருந்த ஈஸிசேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு வருஷம் முடிந்து அக்கா வந்தாள். பம்பாயில் இறங்கியதும் முதலில் கேட்டது மஞ்சள் புத்தகத்தைத்தான். தோளில் தொங்கிய கைப்பையில் இருந்து எடுத்து நீட்டினாளாம். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நான் சாமான்களை எண்ணி இறக்கினேன். எட்டு போய், ஏழுதான் வந்திருந்தது. கொசுவலையையும் படுக்கையையும் அங்கே ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அப்படியானால் ஆறுதான் இருக்க வேண்டும் என்றேன். ஒரு கூடை புதிது, வேர்க்கடலை என்றாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வேர்க்கடலைக் கூடையை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மாமி வாசலுக்கே வந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். கட்டி, தழும்பு எதுவும் இல்லை.

"துணியெல்லாம் இஸ்திரி போட்டுண்டியா?" என்றாள்.

"போட்டுண்டேன் மாமி."

"உள்பாடிக்கும்?"

"உள்பாடிக்கும்தான்."

"சரி, உள்ள வா," என்றாள் மாமி.